‘அடுத்த ஊர்’ நிகழ்ச்சியின் கடைசி வீடு

என் கணவர் தட்டாத வீட்டுக் கதவு உலகத்தில் அநேகமாக இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறை விளக்குக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

‘அடுத்த ஊர்’ நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும். தோளில் நீலப் பையை மாட்டிக்கொண்டு ஒருவர் முன்பின் தெரியாத தெருவில் நடந்து வருவார். ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார். கதவைத் திறக்கிற வீட்டம்மா ஆச்சரியப்பட்டு, பிறகு சிரித்து, உள்ளே கூப்பிடுவாள். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். ‘இந்த வீட்டுச் சாப்பாட்டைப் போல நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை’ என்பார். எல்லா வீட்டிலும் அதைச் சொல்வார். கடைசியில் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பார்: நீங்கள் போய்ப் பார்க்க ஆசைப்படுகிற ஊர் எது? அவள் ஓர் ஊரைச் சொல்வாள். அடுத்த வாரம் அவர் அந்த ஊரில் இருப்பார். அவள் அதே வீட்டில் இருப்பாள்.

இதில் இருக்கிற கூத்து எவருடைய கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. இன்னொன்றும் படவில்லை. கதவு திறக்கும்போது கேமரா வீட்டுக்கு உள்ளேயிருந்து அவர் முகத்தைக் காட்டும். முன்பின் தெரியாத வீட்டுக்குள் கேமரா எப்படி அவருக்கு முன்னால் போனது? நான் முதல் வருடமே கேட்டேன்.

“நீ ரொம்ப யோசிக்கிற” என்றார்.

நிகழ்ச்சி எப்படி ஆரம்பித்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், ஒரு ரயில் பயணத்தில் ஞானம் பிறந்ததாகச் சொல்வார். ரயிலும் இல்லை, ஞானமும் இல்லை. அப்போது அவர் தொலைக்காட்சி நிலையத்தில், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையைச் சரியான நேரத்தில் திரையில் காட்டும் வேலையில் இருந்தார். தடங்கல்கள் அதிகமாகி, அட்டையே ஒரு தொடர் போல ஓட ஆரம்பித்ததும் மேலதிகாரி கூப்பிட்டு, ‘அந்த அரை மணி நேரத்துக்கு எதையாவது எடுத்துட்டு வாய்யா’ என்றார். இவர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கைந்து மாதம் இருக்கும். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“உனக்கு எந்த ஊரைப் பார்க்கணும்னு ஆசை?” என்றார்.

புதுசாகக் கல்யாணமானவள் அந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்வாள்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“கடல். நான் கடலே பார்த்ததில்ல” என்றேன்.

மறுவாரம் அவரும் கேமராக்காரரும் கடலுக்குப் போனார்கள். ‘என் மனைவி கடல் பார்த்ததில்லை. அவளுக்காக நான் பார்க்கிறேன்’ என்று அலைக்கு முன்னால் நின்று பேசியதுதான் முதல் பகுதியின் முதல் வசனம். நாடே உருகியது. நான் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். கடல் எங்கள் வீட்டுக்கு அவருடைய கால்சட்டை மடிப்பில் மணலாக வந்தது. நான்தான் துவைத்தேன்.

அங்கே ஒரு மீனவர் வீட்டில் அந்த அம்மா பனிமலை பார்க்க ஆசை என்றாள். பனிமலைக்காரி பாலைவனம் என்றாள். பாலைவனத்துக்காரி காடு, காட்டுக்காரி உயரமான கட்டடங்கள் இருக்கிற நகரம். அந்த நகரத்தில் பதினான்காவது மாடியில் இருந்தவள், வாசலைத் திறந்தால் மண் தெரிகிற ஊர் எதுவானாலும் சரி என்றாள். அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும். பிறகு ஒரு வீட்டில் ஒரு பெண், ‘எங்க அம்மா வீட்டுக்குப் போகணும். போய் மூணு வருஷமாச்சு’ என்று சொல்லிவிட்டாள். அம்மா வீடு அங்கிருந்து நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது. நாலு ஸ்டாப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்ட முடியுமா? மறுபடி எடுத்தார்கள். ஓர் எரிமலையின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். பாவம், அவளும் சொன்னாள்.

அதோடு ஆசைகளையெல்லாம் அலுவலகத்திலேயே முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். எந்த ஊருக்கு டிக்கெட் கிடைக்கிறதோ அந்த ஊரின் மேல் அந்த அம்மாவுக்கு ஆசை இருக்கும். டிக்கெட் முதலில் வரும், ஆசை பின்னால் வரும்.

வருடங்கள் ஓடின. வலி நிவாரணத் தைலக்காரர்கள் விளம்பரம் கொடுத்த காலம் போய், பயணப் பெட்டி செய்கிறவர்கள் கொடுத்த காலம் வந்தது. ட்ரோன் வந்ததும் எல்லா ஊரையும் மேலேயிருந்து காட்டினார்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். அவருடைய தலைமுடி நடுவில் நரைத்தது, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கறுத்தது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், வேலைக்கென்று வேறு ஊருக்கும் போய்விட்டாள். நடுநடுவே அவர் நாலு நாள் வருவார். தூங்குவார். துண்டு எங்கே என்று கேட்பார். நீலப் பையில் நான் துணியை அடுக்கித் தருவேன், கிளம்பிவிடுவார்.

எனக்கு மிச்சமிருந்த வேலை போனுக்குப் பதில் சொல்வது. ‘சார் இருக்காரா?’ என்று கேட்காதவர்கள் கிடையாது. இன்ஷூரன்ஸ்காரர், வரி வசூலிப்பவர், பத்திரிகைக்காரர், குடிதண்ணீர் ஃபில்டரைப் பராமரிக்க வருகிறவர். இந்த ஃபில்டர்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு தனிப்பிறவி. ஃபில்டர் சாரின் பெயரில் இருக்கிறதாம், சார் இருந்தால்தான் கழற்றுவாராம். ‘சார் ஊருக்குப் போயிருக்கார்’ என்று நானும், ‘அப்போ அடுத்த மாசம் வரேன்மா’ என்று அவரும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன்.

கடலுக்கு நீயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பஸ் ஏறினால் அரை நாள் பயணம். ‘வாம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று மகள் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். நான் அசையவில்லை. கூட்டிட்டுப் போகிறேன் என்று சொன்னவர் கூட்டிக்கொண்டு போகட்டும். வீம்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் ‘அடுத்த வருஷம் கண்டிப்பா’ என்பார். ஒவ்வொரு வருடமும் நம்புவேன். எவ்வளவு கோபம் இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டிவி முன்னால் உட்காராமல் ஒரு வாரமும் இருந்ததில்லை. யாரோ ஒருத்தி வீட்டில் அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தால், அவளிடம் கோபம் வரும், அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நிம்மதியும் வரும்.

போன மாதம் வந்தவர், வழக்கத்துக்கு மாறாகச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பேசினார்.

“முடிஞ்சது. இருபத்தாறு வருஷம் போதும்னு சொல்லிட்டேன். இன்னும் ஒரே ஒரு பகுதிதான். அதுக்கப்புறம் நீயும் நானும் கடல்.”

“நெஜமாவா?”

“நெஜமா. கடைசிப் பகுதி எங்க எடுக்கறோம் தெரியுமா? நம்ம வீட்டுல. நான் வந்து நம்ம வீட்டுக் கதவைத் தட்டப்போறேன்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகளுக்குப் போன் செய்து, கடலில் நனைந்தால் வெளுக்காத துணி எது என்று கேட்டேன். அவள் ஒரு துணியின் பெயரைச் சொன்னாள். பிறகு, ‘அம்மா, இந்தத் தடவையாவது…’ என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சொன்ன நாளில் காலையிலேயே கேமரா உள்ளே வந்துவிட்டது. முதல் பகுதியிலிருந்து கூடவே சுற்றுகிற அதே கேமராக்காரர்தான். ‘அண்ணி, உங்க வீட்டை இப்பதான் முழுசாப் பார்க்கறேன்’ என்றார். இவரும் முழுசாகப் பார்த்ததில்லை, வருத்தப்படாதீர்கள் என்றேன். பின்னாலேயே தயாரிப்பாளர் வந்தாள். சின்னப் பெண், நிகழ்ச்சியைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வீடு வீடு மாதிரி இல்லை என்றாள்.

“கொஞ்சம் வாழ்ந்த களை வேணும், ஆன்ட்டி. பழைய பொருள் ஏதாவது இருக்கா?”

“நான் இருக்கேன்” என்றேன்.

சிரித்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு மரப்பெட்டியையும் கறுத்துப்போன ஒரு விளக்கையும் இறக்கி வைத்தாள். ஃபிரிட்ஜை நகர்த்தி அறைக்குள் தள்ளினார்கள். எங்கள் கல்யாண போட்டோவில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்று கழற்றிவிட்டு, அந்த இடத்தில் யாருடையதோ ஒரு குடும்பத்தின் போட்டோவை மாட்டினார்கள். பார்க்க நல்ல குடும்பமாகத்தான் இருந்தது.

அவர் வெளியே போய்க் கதவைத் தட்டினார். நான் திறந்து ஆச்சரியப்பட வேண்டும். திறந்தேன்.

“கட்! ஆன்ட்டி, ஆச்சரியமே வரலையே?”

“இவரைத்தான் காலையில பல் விளக்கும்போது பார்த்தேனே.”

மறுபடி தட்டினார், மறுபடி திறந்தேன். வரவில்லை. நாலாவது தடவை அவரே என் காதுக்குப் பக்கத்தில் வந்து, எப்படிப் புருவத்தை உயர்த்த வேண்டும், எப்போது கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எத்தனை வீட்டம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்த கை! அச்சு அசலாக வந்துவிட்டது எனக்கும்.

உட்கார்ந்தார். டீ குடித்தார். இந்த வீட்டு டீயைப் போல எங்கேயும் குடித்ததில்லை என்றார். அந்த வாக்கியம் எனக்கு வந்துசேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கேள்விகள் வாயில் தானாக ஓடுகிற மனிதர். பழக்கதோஷத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

“வீட்டுக்காரர் எங்க? வேலைக்குப் போயிருக்காரா?”

எனக்கும் பழக்கதோஷம்தான்.

“ஊருக்குப் போயிருக்கார்” என்றேன்.

கேமராக்காரர் குலுங்கியதில் படமும் குலுங்கியிருக்கும். என் கணவருக்கு அசடு வழிந்தது. எல்லாரும் சிரித்து முடித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுகூட எனக்கு மனசு நிறைவாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், பிறகு இவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், இவர் இங்கேயே இருப்பார்.

என் முகத்துக்குப் பவுடர் டச்-அப் செய்யும்போது அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கடைசிக் கேள்விக்கு என்ன சொல்லணும்னு சார் சொன்னாரா, ஆன்ட்டி?”

“இல்லையேம்மா.”

“பனிக்கரடின்னு சொல்லுங்க. ‘பனிக்கரடி இருக்கற ஊருக்குப் போகணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை.’ அவ்வளவுதான்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. கடைசிப் பகுதியில் எதற்கு அடுத்த ஊர்?

“இதோட நிகழ்ச்சி முடியுதுல்ல?” என்றேன்.

அவள் முகம் மாறியது. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இந்த சீசன் முடியுது, ஆன்ட்டி. அடுத்தது அஞ்சு வருஷத்துக்குப் பேசியாச்சு. போன மாசமே. பனிக்கரடிக்கு டிக்கெட்கூடப் போட்டாச்சு… சார் சொல்லலையா?”

சார் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே இருட்டு. அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“போன மாசம்தானே கடல்னு சொன்னீங்க?”

“உன்கிட்ட சொன்னதும் அவங்க அஞ்சு வருஷம் பேசினதும் ஒரே வாரத்துல நடந்துபோச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“அதுக்கு?”

“கேமரா முன்னாடின்னா நீ திட்ட மாட்டேன்னு நெனச்சேன்.”

கையில் கரண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஐந்து வருடம் என்பதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. அந்த எரிமலைக்காரிக்குச் செய்ததை எனக்கும் செய்ய வந்துவிட்டாரே என்றுதான் வலித்தது. என் ஆசையையும் அலுவலகத்தில் முடிவு செய்து, டிக்கெட் போட்டு, என் வாயிலேயே திணிக்கப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் இன்னும் சுவரைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி, வாங்க” என்றேன். “கேள்வியைக் கேளுங்க. சொல்றேன்.”

அவருக்கு உயிர் வந்தது. கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். விளக்குகள் எரிந்தன. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாடே உருகும் குரலில் கேட்டார்:

“நீங்க போய்ப் பார்க்கணும்னு ஆசைப்படற ஊர் எது?”

“கடல்.”

“கட்!” என்றாள் அந்தப் பெண். “ஆன்ட்டி, கடல் முதல் பகுதியிலேயே பண்ணிட்டோமே!”

“நீங்க பண்ணிட்டீங்க. நான் இன்னும் பண்ணலம்மா.”

கேமராக்காரரைப் பார்த்தேன். ‘கட்’ சொன்ன பிறகும் அவர் கேமராவை நிறுத்தியிருக்கவில்லை. கண்ணை எடுக்காமல், “சொல்லுங்க அண்ணி, ஓடுது” என்றார்.

“நான் கடல்னு சொன்னேன், இவர் போய்ட்டு வந்தார். அங்க ஒருத்தி பனிமலைன்னா, அதுக்கும் இவரே போனார். நாங்க ஆசைப்பட ஆசைப்பட இவர் ஊர் சுத்தினார். போதும். இந்தத் தடவை ஆசைப்பட்டவ போறேன். இவர் வீட்டுல இருக்கட்டும்.”

எழுந்தேன். நீலப் பை அடுத்த காட்சிக்காகச் சோபாவில் தயாராக இருந்தது. திறந்து அவருடைய சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன். அடுக்கியது நான்தான், அதனால் கலைக்கவும் சுலபமாக இருந்தது. கடலுக்கென்று எடுத்து வைத்திருந்த என் துணிகளை உள்ளே வைத்தேன். அந்தப் பெண் முதலில் பதறினாள். பிறகு தொழில் புத்தி வந்து, கேமராக்காரரிடம் ‘நிறுத்திடாதீங்க, நிறுத்திடாதீங்க’ என்று கிசுகிசுத்தாள். என் கணவர்தான் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

“விளையாடாத. நாலு பேர் இருக்காங்க.”

“அதான். கேமரா முன்னாடின்னா நீங்களும் திட்ட மாட்டீங்க.”

கிளம்புகிற காட்சிக்கும் ஒரு வழக்கம் உண்டு. கேமரா வீட்டுக்குள்ளேயே இருக்கும். வீட்டம்மா வாசல்படியில் நின்று கையசைப்பாள். அவர் தெருவில் நடந்துபோய் வண்டியில் ஏறுவார். வண்டி தெருக்கோடி வளைவில் திரும்பி மறைந்து, மற்றவர்கள் வருகிறவரை அங்கே நிற்கும். போகும்போது அந்தந்த வீட்டில் ‘மறுபடி கண்டிப்பா வருவேன்’ என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்து ஒரு வீட்டுக்கும் மறுபடி போனதில்லை.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். ரொம்பக் கனமில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வலது கை தானாக எழுந்து அசைந்தது. எத்தனை பெண்கள் அப்படி நிற்பதைப் பார்த்திருப்பார்! ஒரு தப்பில்லாமல் செய்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாவமாக இருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் துணி அடுக்கிக் கொடுத்தேன்.

“சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி இருக்கு” என்றேன். “நான் மறுபடி வருவேன். நான் சொன்னா வருவேன்.”

வண்டியில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

“அம்மா, சார் வரலையா?”

“இல்ல. நீங்க எடுங்க.”

வளைவு திரும்பியதும் பழக்கப்படி ஓரங்கட்டினார். இங்கே நிற்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். இத்தனை வருடமாக அந்த வண்டி ஒவ்வொரு வளைவிலும் நின்றிருக்கிறது. பிறகு என்ன நினைத்தாரோ, கியரைப் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘கடலுக்குப் போறேன். தனியா.’ உடனே பத்து ஆச்சரியக்குறி வந்தது. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் வந்த ஆச்சரியம். பஸ் கிளம்பி நகரத்தை விட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. அவராக இருக்கும் என்று எடுத்தேன். தண்ணீர் ஃபில்டர்காரர்.

“அம்மா, உங்க தெருப்பக்கம்தான் வந்திருக்கேன். சார் ஊருக்குப் போயிருப்பார்ல? சும்மா கேட்டு வைக்கலாம்னு…”

“சார் வீட்டுல இருக்கார்” என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“நெஜமாவாம்மா?”

“நெஜமா. போய்க் கதவைத் தட்டுங்க. அவரே வந்து திறப்பார்.”